மீசையில் மண் ஒட்டாதவர்கள்: 'ரா 25'ஐ முன்வைத்து

ரெஸ்லிங் பார்ப்பேன் என்று இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அதெல்லாம் பொய்தானே?" என்பதுதான். பொய்தான். 1989இல் வின்ஸ் மெக்மஹனின் நிறுவனமே நியூ ஜெர்சி மாநில மேலவையிடம் இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. அதற்கு முப்பது வருஷம் முன்னாடியே ரோலன் பார்த் தன்னுடைய 'மித்தாலஜீஸ்' (1957) நூலின் முதல் கட்டுரையை இதற்குத்தான் ஒதுக்கினார். அவர் பேசியது பாரிஸ் நகரத்து ரெஸ்லிங் பற்றி. யார் ஜெயிப்பார் என்பது அங்கே கேள்வியே இல்லை. வலி, அநியாயம், பழிவாங்கல் எல்லாம் கடைசி வரிசை ஆளுக்கும் தெரியும்படி காட்டப்படுகிறதா என்பதுதான் கேள்வி என்றார். கூத்தில் பீமன் அடிப்பது பொய்யென்று யாராச்சும் எழுந்து போகிறார்களா என்ன?

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. தாரா சிங் 1940களின் கடைசியில் சிங்கப்பூருக்கு வந்துதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அவரும் கிங் காங்கும் மோதியதைத் தாத்தாமார்கள் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ரசிக்கலாமா கூடாதா என்ற விவாதத்தை விட்டுவிடுவோம். எப்படி ரசிப்பது என்பதுதான் விஷயம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது 2018 ஜனவரி 22 அன்று நடந்த 'ரா 25' நிகழ்ச்சி. நம்ம நேரத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலை 9 மணி. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

'மண்டே நைட் ரா' 1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டர் என்ற சின்ன அரங்கத்தில் தொடங்கியது. 25ஆம் ஆண்டு விழாவை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். ஒன்று புரூக்ளினில் இருக்கிற பெரிய பார்க்லேஸ் சென்டர். இன்னொன்று அதே பழைய மன்ஹாட்டன் சென்டர். அங்கே வர்ணனை மேசையில் ஜிம் ராஸும் ஜெரி லாலரும். அந்த இரண்டு குரலும் சேர்ந்து கேட்டாலே போதும், பள்ளிக்கூடக் காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

தொடக்கம் பார்க்லேஸில். வின்ஸ் மெக்மஹனுக்கு அவருடைய பிள்ளைகள் ஷேனும் ஸ்டெஃபனியும் நினைவுக் கேடயம் கொடுக்கிறார்கள். அவர் வழக்கம்போல ரசிகர்களைத் திட்டுகிறார். கண்ணாடி உடையும் சத்தம். ஸ்டீவ் ஆஸ்டின் வருகிறார். ஷேனுக்கும் அடி, வின்ஸுக்கும் அடி. வின்ஸுக்கு அப்போது 72 வயது, ஆஸ்டினுக்கு 53. முதலாளி விழும் விதத்தில் அழகே கிடையாது, தடுமாறித்தான் விழுகிறார். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலையிடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஒருத்தன் தன் முதலாளியை வயிற்றில் உதைக்கிற காட்சி அது. 1998இல் உலகம் பூராவும் அந்தக் கதை ஓடியதற்குக் காரணமும் அதுதான். கோவிலில் வருஷா வருஷம் சூரசம்ஹாரம் பார்க்கிறோம். சூரன் தப்பித்துவிடுவானோ என்றா பயப்படுகிறோம்?

பிரச்சினை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. மன்ஹாட்டன் சென்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் யார்? 'எல்லாம் தொடங்கின இடத்தில் நானும் இருக்கணும்' என்று ஆசைப்பட்ட தீவிர ரசிகர்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் அவர்கள் கண்முன்னே நடந்தது சொற்பம். மீதி நேரம் முழுக்கப் பார்க்லேஸில் நடப்பதைத் திரையில் பார்த்தார்கள். கடைசியில் கடுப்பாகிக் கத்தவும் செய்தார்கள். அவர்கள் வாங்கின பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பழைய காலத்துக்குள் நுழையும் சீட்டு என்று நினைத்து வாங்கியது, பழைய கட்டடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும் சீட்டாக முடிந்தது. நினைவேக்கத்தை விற்கும் வியாபாரத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான ஒரு காட்சியை யாரும் எழுதிவிட முடியாது. நிறுவனம் அதைத் திட்டமிட்டு எழுதவுமில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். டி-ஜெனரேஷன் எக்ஸ் கூட்டணி மேடைக்கு வருகிறது. டிரிபிள் எச், ஷான் மைக்கேல்ஸ், இன்னும் மூன்று பேர், கூடவே ஸ்காட் ஹால். எல்லாரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது நெருங்கியவர்கள். அவர்களோடு ஃபின் பேலரின் குழுவும் சேர்ந்துகொள்கிறது. எதிரே ரிவைவல் என்ற ஜோடி, ஸ்காட் டாசனும் டேஷ் வைல்டரும். அந்தக் காலத்தில் உண்மையிலேயே பழைய பாணி இரட்டையர் ஆட்டத்தை நுணுக்கமாகக் கற்று ஆடினவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். சட்டென்று ஓர் ஆட்டத்தில் தோற்கிறார்கள். அப்புறம் பெரிசுகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு அடி அடிக்கிறார்கள். சிரிப்பு, கைதட்டல், கை விரலால் பழைய சைகை. அதே இரவில் டட்லி சகோதரர்கள் வந்து ஹீத் ஸ்லேட்டரை மேசையோடு சேர்த்து உடைத்துவிட்டுப் போனதும் நடந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு மரபு இருக்கிறது. போகிறவன் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போகணும். இருபது வருஷம் ரசிகர்கள் உன்மேல் கொட்டின நம்பிக்கையை, உன் முதுகு மேடையில் படுகிற அந்த மூன்று எண்ணிக்கையில் அடுத்தவன் தோளுக்கு மாற்றிவிடணும். அங்கே சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம் அந்தத் தோல்விதான். நினைவேக்க நிகழ்ச்சி இந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறது. ஒரே ராத்திரி வந்துபோகிறவர் ஜெயிக்கிறார். மறுவாரமும் அதே மேடையில் நின்று டிக்கெட் விற்க வேண்டியவன் தோற்கிறான். நம்ம இலக்கிய விழாக்களில் மூத்தவர்கள் ஒன்றரை மணி நேரம் 'அந்தக் காலத்துல' என்று பேசிவிட்டு, முதல் தொகுப்பு போட்ட பையனிடம் அஞ்சு நிமிஷம் தருவார்களே, கிட்டத்தட்ட அதே கதை. ரிவைவல் ஜோடி 2020இல் நிறுவனத்தை விட்டுக் கிளம்பியது. எஃப்டிஆர் என்ற பெயரில் போட்டி நிறுவனத்துக்குப் போய் அங்கே கொண்டாடப்பட்டார்கள்.

அண்டர்டேக்கருக்கு வருகிறேன். 2017 ஏப்ரல் 2 அன்று ரோமன் ரெயின்ஸிடம் தோற்றபின் கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் மேடை நடுவில் கழற்றி வைத்துவிட்டு அவர் போனார். வார்த்தையே இல்லாத விடைபெறல். நான் பார்த்த நல்ல சிறுகதை முடிவுகளில் அதுவும் ஒன்று. ஒன்பது மாசம் கழித்து மன்ஹாட்டன் சென்டரில் அதே கோட்டு, அதே தொப்பியோடு வந்து நிற்கிறார். பழைய எதிரிகளின் பெயர்களைச் சொல்கிறார். ஓய்வா, இல்லையா? தெளிவாக ஒரு வார்த்தை இல்லை. தோற்றதைப் பற்றியும் பேச்சில்லை. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போமே, அதுதான். 1993இல் அதே அரங்கில் முதல் 'ரா'வின் கடைசி ஆட்டத்தை ஆடியவர் அவர் என்பதால் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி வந்ததில் ஒரு நல்ல முடிவு கெட்டுப்போனது. முறையான பிரியாவிடை 2020 நவம்பரில்தான், கொரோனாவினால் நேரடி ரசிகர்கள் இல்லாத அரங்கில் நடந்தது.

இந்த நிகழ்ச்சியை இன்று மறுபடி பார்த்தால் வேறு சிலதும் உறுத்தும். கேடயம் வாங்கிய வின்ஸ் மீது 2024 ஜனவரியில் முன்னாள் ஊழியர் ஒருவர் பாலியல் குற்றச்சாட்டோடு வழக்குத் தொடர்ந்தார். அவர் மறுத்தார், பதவியிலிருந்தும் விலகினார். அதற்கப்புறம் அந்தத் தொடக்கக் காட்சியைப் பழைய மாதிரி சிரித்துக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை. 2025 ஜனவரி 6 அன்று 'ரா' நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிய முதல் இரவில் ஹல்க் ஹோகன் வந்தபோது அரங்கமே கூச்சலிட்டு அவமதித்தது. அவருடைய இனவெறிப் பேச்சு 2015இல் வெளியானதை ஜனங்கள் மறக்கவில்லை. நினைவேக்கம் என்றால் நல்லதை மட்டும் நினைப்பது என்று நிறுவனம் எதிர்பார்க்கிறது. ரசிகனுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ரசிகர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்த மன்ஹாட்டன் சென்டரில் கண்முன்னே நடந்த சொற்பத்தில் ஒன்று பிரே வயட்டும் மேட் ஹார்டியும் மோதிய ஆட்டம். பழைய முகங்களுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு அது வெறும் இடைவேளை. வயட் ஜெயித்தார், கூட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தாத்தா, அப்பா என்று மூன்று தலைமுறையாக இந்தத் தொழிலில் இருந்த குடும்பம் அவருடையது. இருட்டில் லாந்தர் விளக்கோடு நடந்து வந்து கதை சொல்லத் தெரிந்த ஆள். ஸ்காட் ஹால் 2022இல் இறந்தார். வயட் 2023 ஆகஸ்டில், 36 வயதில். இப்போது இளம் ரசிகர்கள் யூடியூப்பில் தேடித் தேடிப் பார்ப்பதும், அழுவதும் அந்த லாந்தர் விளக்குக் காட்சிகளைத்தான். அன்று காசு கொடுத்து வந்தவர்களுக்குப் பத்தடி தூரத்தில்தான் அவர் நின்றிருந்தார்.