வேலேந்தியவன் யார்? நெடுநல்வாடைப் பாசறையில் அணுக்க வீரர்

அதிகாரியின் அருகிருந்து பணிபுரியும் வீரன் படைஞனா, ஏவலனா என்னும் வினா, இந்தியத் தரைப்படையின் சகாயக் முறை குறித்த விவாதங்களில் எழுவதுண்டு. பத்துப்பாட்டின் பாசறைக் காட்சிகள் இரண்டினை இவ்வினாவோடு பொருத்திக் காணலாம்.

நக்கீரரின் நெடுநல்வாடையில் (188 அடி), வாடை வீசும் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். வேப்பந்தழை கட்டிய வேலுடன் ஒருவன் முன்சென்று அவர்களை முறையே காட்டுகிறான். வாளைத் தோளில் கோத்த காளை ஒருவனின் சுவல்மீது அரசன் கைவைத்திருக்கிறான். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ ஆதலின், நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறம் எனக் கொண்டார். அகமா புறமா என்னும் அவ்விவாதத்துக்கு வேம்பு தேவைப்பட்டது, வேலேந்தியவன் தேவைப்படவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் (103 அடி) அரசனின் உள்ளறையருகே நிற்கும் மிலேச்சர், நாவால் உரையாது மெய்க்குறியால் உணர்த்துபவர். அரசனோ துயிலின்றி, புண்பட்ட யானைகளையும் வீரரையும் எண்ணியிருக்கிறான். அங்கு எண்ணமாக நிற்பது நெடுநல்வாடையில் செயலாகிறது. அதற்கு வழிகாட்டுபவன் முன்செல்பவனே. புண்பட்டோரை அறிந்திருந்தாலன்றி அவர்களை முறையே காட்டல் இயலாது.

பலரோடு பொருத அரசன் சிலரோடு திரிவதாகப் பாட்டு முடிகிறது. அச்சிலருள் பெயரற்ற இவ்விருவரும் அடங்குவர். இவர்தம் பணியை ஏவல் எனச் சுருக்கின், அரசனின் இரக்கம் அவனது தனிப்பண்பாக மட்டுமே எஞ்சும். அவ்விரவு நடையைப் பாசறைத் தொழில் என்றே பாட்டு சுட்டுவதால், இவ்விருவரும் அத்தொழிலில் பங்குடைய படைஞரே எனக் கொள்வது பொருந்தும்.