ஜீனோவின் இரண்டு பாகங்கள்: ஒரு ரசிகரின் மதிப்பீடு

என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ ஆகியவை எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) எழுதிய ஒரே அறிவியல் புனைகதையின் இரண்டு பாகங்கள். முதல் பாகம் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தமிழ் அறிவியல் புனைகதை என்றதும் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது இதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான். அதன் குறும்பை ரசித்துவிட்டு முதல் பாகத்தோடு நின்றுவிட்டவர்கள் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார்கள். சுஜாதா கேட்க வந்த கடினமான கேள்வி இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது.

கதைச் சுருக்கம்

கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். ஆளுக்கு ஓர் எண் உண்டு. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி என்ற இளம் தம்பதியின் வீட்டில் ரவி என்பவன் தன் நாய் ஜீனோவுடன் தங்க வருகிறான். சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடப் புறப்படும் நிலா, ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவுக்கு எதிராகப் போட்டிருக்கும் திட்டத்துக்குள் இழுக்கப்படுகிறாள். கடைசியில் தெரியவரும் உண்மை, ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை என்பது. இத்தனை நாளும் நாட்டை ஆண்டது ஒரு முப்பரிமாண ஒளிப்பிம்பம்.

இரண்டாம் பாகத்தில் நிலா நாட்டின் ராணி. ஆனால் அதிகாரம் ரவி, மனோ கையில். பிம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். அவளுக்குத் துணையாக நிற்பது ஜீனோ மட்டுமே.

திரையில் வாழும் தலைவர்

ஜீவாவை மக்கள் திரையில் பார்த்தே நம்புகிறார்கள். இக்கதை ஒளிபரப்பானதோ அரசுத் தொலைக்காட்சியில். 1993இல் சன் டிவி வருவதற்கு முன்பு பெரும்பாலான தமிழ் வீடுகளில் தூர்தர்ஷன்தான் தொலைக்காட்சி. திரையில் தெரிவதெல்லாம் உண்மையா என்று கேட்கும் கதை அந்தத் திரையிலேயே வந்தது சுவையான முரண்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 நாவலில் பெரியண்ணன் என்பவர் உண்மையில் இருக்கிறாரா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. சுஜாதா அந்த மர்மத்தை முதல் பாகத்திலேயே உடைத்துவிடுகிறார். பொய் அம்பலமானால் மக்களுக்கு விடுதலை கிடைத்துவிடுமா என்று பிறகு கேட்கிறார். இல்லை என்பதே இரண்டாம் பாகத்தின் பதில். வணங்கிப் பழகிய மக்களுக்கு வணங்க இன்னொரு முகம் தேவைப்படுகிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு வகித்த ஒருவர் இதை எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. கருவி மட்டும் மக்களாட்சியைத் தந்துவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறப்புக்கு அனுமதி

பிள்ளை பெற அனுமதி என்ற செய்தியைத் தருமபுரி மாவட்டத்து வாசகர் வெறும் கற்பனையாகக் கடந்துபோக முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நாவலில் எந்தக் குழந்தை பிறக்கலாம் என்பதை அரசு முடிவு செய்கிறது. இங்கே எந்தக் குழந்தை வாழலாம் என்பதை வீடே முடிவு செய்தது. அரசு தொட்டில் வைத்துக் குழந்தையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படியானால் அடக்குமுறைக்கு எப்போதும் ஒரு ஜீவா தேவையில்லை. தொடக்கத்தில் நிலாவும் ஜீவாவை முழுமையாக நம்புகிறவள்தான். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றுவதில்லை. கேள்வி கேட்காத அந்த வீட்டிலிருந்து கதையைத் தொடங்கியது சுஜாதாவின் கூர்மை.

ஜீனோ

இயந்திர நாய் உலகத் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. பிரிட்டனின் டாக்டர் ஹூ தொடரில் கே-9 என்ற இயந்திர நாய் 1977லேயே வந்துவிட்டது. ஜீனோவின் தனித்தன்மை அதன் வளர்ச்சி. ரவியின் வளர்ப்புப் பிராணியாக வந்தது, புத்தகம் படிக்கிறது, கிண்டல் செய்கிறது, தானாகச் சிந்திக்கிறது, முடிவில் தன் எஜமானனுக்கு எதிராகவே நிலாவின் பக்கம் நிற்கிறது. மனிதர்கள் சொன்னதைக் கேட்டு நடக்கும் உலகத்தில், கட்டளைக்குக் கீழ்ப்படியவே செய்யப்பட்ட பொருள் மட்டும் ஏன் என்று கேட்கிறது. தலைப்பில் உள்ள ‘இனிய’ என்ற சொல்லுக்கு ஜீனோ முழுத் தகுதி பெறுவது இங்கேதான்.

குறைகள்

வாரத் தொடரின் அவசரம் தெரிகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிடும் திருப்பம் வேண்டும் என்பதற்காகச் சில தற்செயல்கள் நுழைகின்றன. ரவியும் மனோவும் ஏன் அதிகாரத்தை விரும்புகிறார்கள் என்பது ஆழமாகச் சொல்லப்படவில்லை. சிபியும் பல இடங்களில் கதையை நகர்த்தும் காரணமாக மட்டுமே இருக்கிறான்.

கதை சொன்ன ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியல் போடுவது எளிது. மாணவர்கள் அதைவிட இரண்டு பாகங்களையும் சேர்த்து வாசிப்பது நல்லது. பொய்யான தலைவரைக் கண்டுபிடிக்க முதல் பாகம் போதும். அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருகிறார்கள் என்று கவனிக்கக் கற்றுத்தருவது மீண்டும் ஜீனோ.