ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ (குயின் பாடல்)

'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' என்பது பிரித்தானிய ராக் இசைக்குழுவான குயின் 1984 ஏப்ரலில் வெளியிட்ட தனிப்பாடல். அதே ஆண்டு வெளிவந்த 'தி வொர்க்ஸ்' தொகுப்பில் இடம்பெற்றது. இதை எழுதியவர் குழுவின் பேஸ் கிதார் கலைஞரும் அதிகம் பேசாதவர் எனப் பெயர் பெற்றவருமான ஜான் டீக்கன். பிரித்தானியாவில் 3-ஆம் இடம் வரை சென்ற இப்பாடல், அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 45-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பாடலன்று, அதன் காணொளியே என்பது பரவலான கருத்து.

பாடலில் நகைச்சுவை ஏதும் இல்லை. ஒரு பிணைப்பிலிருந்து வெளியேறத் துடிப்பவர், வெளியேறியபின் வரும் தனிமையையும் அஞ்சுகிறார். பிரையன் மேயின் கிதார் ஒலிக்கும் என எதிர்பார்க்கும் இடத்தில் ஃபிரெட் மாண்டல் வாசித்த சிந்தசைசர் ஒலிக்கிறது. அந்த ஒலிக்கே சற்று அழுகைச் சாயல் உண்டு.

டேவிட் மாலட் இயக்கிய காணொளி, 1960 முதல் ஒளிபரப்பாகிவரும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரைப் பகடி செய்கிறது. நால்வரும் பெண் வேடத்தில் வருகின்றனர். மே தலையில் சுருள் உருளைகளுடன் படுக்கையிலிருந்து எழுகிறார். தொடரின் ஹில்டா ஆக்டனை அறிந்தவர்களுக்கு அதுவே போதும். ரோஜர் டெய்லர் பள்ளி மாணவி. டீக்கன் நாளிதழும் கையுமாகச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. ஃபிரெடி மெர்குரி குட்டைப் பாவாடை அணிந்து வேக்குவம் கிளீனரை உருட்டுகிறார், மீசையை மழிக்காமலேயே.

அந்த மீசைதான் காணொளியின் உயிர். ஆணைப் பெண்ணாக நம்பவைக்கும் முயற்சி இங்கு இல்லை. ஆகவே சிரிப்பு பெண்ணை நோக்கியும் செல்வதில்லை. பெருக்கவும் கழுவவும் ஓயாத வீட்டில் மாட்டிக்கொண்ட ஒருவரின் சலிப்பு, விடுதலை கேட்கும் சொற்களுக்கு முன்பில்லாத ஒரு பொருளைத் தருகிறது. டீக்கன் எழுதியபோது இதை நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காணொளியைப் பார்த்தபின் பாடலை வேறு விதமாகக் கேட்பது கடினம்.

இடையில் மெர்குரி ராயல் பாலே நடனக் கலைஞர்களுடன் தோன்றுகிறார். நிஜின்ஸ்கியின் ஆட்டுமனித வேடத்தைத் தழுவிய இப்பகுதிக்கு நடனம் அமைத்தவர் வெயின் ஈக்லிங். அழகான பகுதிதான், ஆனால் நீளம். வீட்டுக்குள் உருவான இறுக்கம் இங்கே தளர்ந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பெண் வேடத்துக்கு விட்டுவைத்த மீசையை இந்த நடனத்துக்காக மெர்குரி மழித்துக்கொண்டார். எது விளையாட்டு, எது கலை என்று அவரே கோடு போட்டதுபோல் இருக்கிறது. பார்வையாளர்களோ விளையாட்டைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு அந்தத் தொடர் தெரியாது. பகடியின் மூலம் தெரியாதபோது எஞ்சுவது பாவாடை கட்டிய ராக் பாடகர்கள் மட்டுமே. எம்டிவி காணொளியை ஒதுக்கியதாகவும் அங்கு தங்கள் செல்வாக்கு அதனால் சரிந்ததாகவும் குழுவினர் பின்னாளில் கூறியுள்ளனர். 1982-க்குப் பிறகு மெர்குரியுடன் குயின் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்யவே இல்லை. அதற்கு இந்த ஒரு காணொளியை மட்டும் காரணமாக்குவது மிகை.

1985 ஜனவரியில், 'ராக் இன் ரியோ' விழாவில் மெர்குரி விக்கும் பொய் மார்பகங்களும் அணிந்து இப்பாடலுக்கு மேடையேறியபோது கூட்டத்தின் ஒரு பகுதி கொந்தளித்தது. பிரேசிலில் பலர் இதை ஒடுக்குமுறைக்கு எதிரான பாடலாகக் கருதியதால் அந்த வேடத்தை அவமதிப்பாக எடுத்துக்கொண்டனர் என்பது ஒரு விளக்கம். அங்கு இராணுவ ஆட்சி முடிய அப்போது இன்னும் சில வாரங்கள் இருந்தன.