பனியும் லாந்தரும்

ஹெமிங்வே என்றதும் நம் வாசகர்கள் கடலைச் சொல்வார்கள், காளைச் சண்டையைச் சொல்வார்கள், யுத்தத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் கூடப் படித்தவர்கள் கிளிமஞ்சாரோ கதையைச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையில் பனி எட்டாத தூரத்தில் இருக்கிறது. பனிக்குள்ளேயே போய், அதில் ஏறி இறங்கி, வியர்த்து, களைத்து அவர் எழுதிய இரண்டு சிறு கதைகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஒன்று 'கிராஸ் கண்ட்ரி ஸ்நோ'. 1925-இல் வந்த 'இன் அவர் டைம்' தொகுதியில் இருக்கிறது. மற்றது 'ஆன் ஆல்பைன் ஐடில்'. 1927-இல் வந்த 'மென் விதவுட் விமன்' தொகுதியில் இருக்கிறது.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். இடுப்பளவு விழுந்து, வழியை அடைத்து, வீட்டை மூடும் வஸ்துவுக்கும் அந்தப் பெயரையே வைத்து ஒப்பேற்றிக் கொண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கதைகளுக்குள் போகுமுன் அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1920-களில் ஹெமிங்வே இரண்டு குளிர்காலங்களை ஆஸ்திரியாவில் ஷ்ரூன்ஸ் என்ற சிற்றூரில் கழித்தார். மேலே சில்வ்ரெட்டா மலைத்தொடர். 3312 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பூயின் சிகரமும், அதைச் சுற்றிப் பனியாறுகளும், அவற்றின் அடியில் கிண்ணம்போல் குழிந்த பள்ளத்தாக்குகளும் அங்கே உண்டு. ஏற்றிவிடக் கம்பிவண்டி கிடையாது. ஸ்கீ பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். தோலின் மயிர் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பலகை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. இன்று கடல்நாய்த் தோலுக்குப் பதிலாக மொஹேரும் நைலானும் வந்துவிட்டன, தத்துவம் அதேதான். அரை நாள் ஏறினால் அரை மணியில் இறங்கி விடலாம். மலை விடுதியில் படுத்து, மறுநாள் மறுபடி ஏறுவார்கள். ஹெமிங்வே 1961-இல் காலமானார். 1964-இல் வெளிவந்த 'எ மூவபிள் ஃபீஸ்ட்' என்ற நினைவுக் குறிப்புகளின் கடைசிப் பகுதியில் இந்த நாட்களை எழுதியிருக்கிறார். இறங்கிய சுகத்தைவிட ஏறிய சிரமத்தைத்தான் அவர் அதிகம் கொண்டாடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடுபட்டு ஏறியவனுக்குத்தான் இறங்கும் பாத்தியதை உண்டு என்பது அவர் கட்சி.

முதல் கதையில் நிக், ஜார்ஜ் என்று இரண்டு சிநேகிதர்கள் ஸ்விட்ஜர்லாந்தில் சறுக்கி இறங்குகிறார்கள். ஒரு விடுதியில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள். பரிமாறும் பெண் கர்ப்பிணி. கையில் மோதிரம் இல்லை. நிக்கின் மனைவியும் கர்ப்பிணி. ஊர் திரும்ப வேண்டும். மறுபடி இப்படி வர முடியுமா, தெரியாது. அவ்வளவுதான் கதை. சறுக்குகிற பகுதி அபாரம். ஆனால் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியது கொஞ்சம் சௌகரியமான ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. நிக்கின் கவலையை நமக்குக் காட்ட ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. ஆசிரியர் அவளைக் கண்ணாடியாக்கிவிட்டார். அவள் கவலை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது கதைதான் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. வசந்த காலம். சில்வ்ரெட்டாவில் நெடுநாள் சறுக்கிவிட்டு இரண்டு இளைஞர்கள் கால்டூர் என்ற கிராமத்துக்கு இறங்கி வருகிறார்கள். வெயில் ஏறிப் பனி கெட்டுப்போய் அலுத்துவிட்டது. எதையுமே அளவுக்கு மீறி நீட்டக் கூடாது என்று கதை சொல்கிறவன் நினைத்துக்கொள்கிறான். ஊருக்குள் நுழையும்போது ஓர் அடக்கம் நடக்கிறது. விடுதிக்காரனும் கோயில் பணியாளும் விஷயத்தைச் சொல்கிறார்கள். மலைக்கு அப்பால் இருக்கும் ஒரு குடியானவனின் மனைவி டிசம்பரிலேயே இறந்துவிட்டாள். பனி வழியை அடைத்துவிட்டதால் சடலத்தைக் கொண்டுவர முடியவில்லை. விறகுக் கொட்டகையில் வைத்திருந்தான். அது உறைந்து விறைத்துவிட்டது. சுவரில் சாய்த்து நிறுத்தினான். இரவில் விறகு வெட்டப் போகும்போதெல்லாம் லாந்தரை அவள் வாயில் மாட்டினான். மனைவியிடம் அன்பு இருந்ததா என்று பாதிரியார் கேட்கிறார். இருந்தது என்கிறான். பொய் சொல்வதாகவும் தெரியவில்லை.

என் எழுத்தாள நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "மனுஷத்தனமே இல்லாத கதை, ஐயா!" என்று புத்தகத்தை மூடிவிட்டார். நானும் அப்போது தலையாட்டினேன். இன்று ஆட்ட மாட்டேன். காரணம் இலக்கியக் கொள்கை ஒன்றும் இல்லை.

என் சித்தி இறந்து ஒரு வருஷத்துக்குப் பின், அவள் கடைசி நாட்களை வைத்து ஒரு கதை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். அவள் கேட்ட பழையதும் உப்பு நாரத்தங்காயும் மட்டும் அப்படியே வந்துவிட்டன. பத்திரிகையில் வெளியானதும் பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. சித்தியின் பெண் மட்டும் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, "அண்ணா, அம்மாவை நல்லா உபயோகப்படுத்திக்கிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். எழுத்து வேலை நடக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், அதற்கு ஒரு கொக்கி வேண்டும். சித்தியிடம் எனக்கு அன்பு இருந்ததா என்று யாராவது கேட்டால் நானும் இருந்தது என்றுதான் சொல்வேன். அதுவும் பொய்யில்லை.

குடியானவன் குரூரமானவன் என்று ஹெமிங்வே சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் விடுதிக்காரன். முதல் இரவு லாந்தரை மாட்டும்போது அவன் கை நடுங்கியிருக்கலாம். பத்தாவது இரவில் அது பழக்கம். எதையும் அளவுக்கு மீறி நீட்டக் கூடாது என்று அந்த இளைஞன் சறுக்கு விளையாட்டைப் பற்றி நினைத்தானே, அதுதான் கதைக்குத் திறவுகோல். அவனுக்குப் பனி அலுத்தது, இறங்கி வந்துவிட்டான். குடியானவனுக்கும் அது அலுத்திருக்கும். அவன் எங்கே இறங்குவது? ஒரே பனி ஒருவனுக்கு விளையாட்டு மைதானம், மற்றவனுக்குப் பூட்டிய கதவு.

இது பழங்காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடவும் முடியாது. அதே கால்டூரில், 1999 பிப்ரவரி 23 அன்று, நாட்கணக்கில் பெய்த பனியால் சாலை அடைபட்டிருந்த சமயத்தில், பனிச்சரிவு ஊருக்குள் பாய்ந்தது. 31 பேர் மாண்டார்கள். சறுக்க வந்த விருந்தாளிகளும் ஊராரும் அன்று ஒரே கதவுக்குள் அகப்பட்டிருந்தார்கள்.

கதை எப்படி முடிகிறது என்று சொல்லிவிடுகிறேன். லாந்தர் விஷயத்தைக் கேட்டு முடித்ததும் இளைஞர்களில் ஒருவன் சாப்பாட்டை நினைவூட்டுகிறான். மற்றவன் சரி என்கிறான். நண்பருக்குப் புத்தகத்தை மூடத் தோன்றியது இந்த இடத்தில்தான். எனக்கோ இதுதான் கதையின் யோக்கியமான இடம். கேட்டவன் உயர்ந்தவன், செய்தவன் தாழ்ந்தவன் என்று ஆசிரியர் தப்பித்துக்கொள்ளவில்லை. கேட்டவனுக்கும் பசிக்கிறது. முதல் கதையில் கர்ப்பிணிப் பெண்ணைக் கண்ணாடியாக்கியவர், இரண்டாவதில் கண்ணாடியைத் தம் பக்கமே திருப்பிவிட்டார். இடையில் இரண்டே வருஷம்.

என் சித்தி கதையை எந்தத் தொகுதியிலும் நான் சேர்க்கவில்லை. சேர்க்காததால் எழுதியது இல்லை என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது யாருடைய சாவையாவது எழுத உட்கார்ந்தால், விளக்கை எங்கே மாட்டப் போகிறேன் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். சில பக்கக் கதை ஒன்று இவ்வளவு செய்தால் போதும் என்றே நினைக்கிறேன்.