இருமுறை மாறிய நெஞ்சம்

சமயம் மாறியவனை உலகம் எளிதில் மன்னிப்பதில்லை. விட்டு வந்த இடத்தார் பழிப்பர்; சேர்ந்த இடத்தார் ஐயத்தோடு நோக்குவர். இருமுறை மாறியவனுக்கோ நிலையற்றவன் என்னும் பெயரே எஞ்சும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் இருமுறை மாறியவர். சைவக் குடியில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராக உயர்ந்து, மீண்டும் சைவம் புகுந்தவர். எனினும் அவரை நிலையற்றவர் எனச் சைவ உலகம் கருதவில்லை. அதன் காரணம் ஆராயத்தக்கது.

முதல் மாற்றத்தைச் சேக்கிழார் காட்டும் முறை கூர்ந்து நோக்கற்குரியது. தந்தையும் தாயும் மறைந்தனர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உலகின் நிலையாமையை உணர்ந்த அவ்விளைஞர் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். பின்னர்ச் சமயங்களுள் நல்வழி எதுவெனத் தேடினார். சேக்கிழாருக்குச் சமணத்தின்மீது பரிவு கிடையாது. ஆயினும் நாவுக்கரசர் அங்குச் சென்றதை ஆசைக்கோ அச்சத்துக்கோ உரியதாக்காமல், தேடலின் விளைவாகவே காட்டுகின்றார். நல்வழியை உணர இறைவன் அப்போது அருளவில்லை என்பதே அவர் கூறும் விளக்கம். இது காப்பியப் புலவரின் நேர்மைக்குச் சான்றாகும்.

இரண்டாம் மாற்றமே சிக்கலானது. சூலைநோய் வருத்தியபோது சமணர் மந்திரங்கள் பயன்தரவில்லை. இரவோடிரவாகத் திருவதிகை வந்து, தமக்கையார் கையால் திருநீறு பெற்று, வீரட்டானத்தில் முதற்பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று. அவ்வாறாயின், உடல்நலத்துக்கு விலையாகக் கொள்கையைக் கொடுத்தாரா? இவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. முதற்பதிகத்தில் சமணக் கோட்பாட்டை மறுக்கும் வாதம் ஏதுமில்லை. வலியால் துடிக்கும் ஒருவரின் முறையீடே அங்குள்ளது.

இதற்கு விடை பிற்பகுதியில் கிடைக்கின்றது. நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு பிணித்துக் கடலில் இடுதல் எனப் பல்லவ மன்னன் இழைத்த கொடுமைகளைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. வலிக்கு அஞ்சி மாறியவராயின், அதனினும் பெரிய வலி வந்தபோது மீண்டும் மாறியிருத்தல் வேண்டும். அவர் மாறவில்லை. நோய் வாயிலைத் திறந்ததேயன்றி, உள்ளே நிலைபெறச் செய்தது நோயன்று.

பழைய நம்பிக்கை முற்றிலும் கழிந்ததா என்பது அடுத்த வினா. பாடல்களில் அவர் சமணரைக் கடுஞ்சொற்களால் இகழ்கின்றார். தாம் வாழ்ந்த வீட்டைத் தாமே தூற்றும் அவ்வேகம் குறையே. பக்தியின் பெயரால் அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அவரது வினாக்கள் சமணரோடு நின்றுவிடவில்லை. உள்ளன்பின்றிப் புனித ஆறுகளில் நீராடுவதால் என்ன பயன், கோத்திரமும் குலமும் பேசி அடைவது என்ன என்று ஐந்தாம் திருமுறையில் தம் சமயத்தாரையும் கேட்கின்றார். திருப்புகலூரில் உழவாரப்பணி செய்கையில் எதிர்ப்பட்ட பொன்னையும் மணியையும் கற்களோடு ஒன்றாக எண்ணிக் குளத்தில் எறிந்தார் என்பர். பொருட்பற்று நீக்கல் சமண முனிவர்க்குரிய பெருநோன்புகளுள் ஒன்று. சைவ அடியாரிடத்தும் அப்பயிற்சி மறையாதிருந்தது எனக் கருத இடமுண்டு.

எனவே, மாறியது அவர் சென்ற வழியே. மெய்யை அடைய வேண்டும் என்னும் வேட்கை மாறவில்லை. மலேசியாவில் திருமுறை ஓதும் விழாக்களில் சிறுவர் சிறுமியர் அவர் பதிகங்களைப் பண்ணோடு பாடுகின்றனர். பதிகத்தை மனனம் செய்விக்கும் பெரியோர், அதனைப் பாடியவர் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை ஐயத்திலும் தேடலிலும் கழித்தவர் என்பதையும் எடுத்துரைத்தல் நன்று. வினவும் பிள்ளையை அதட்டி அடக்கும் வீட்டில் தேவாரம் ஒலிக்கலாம். நாவுக்கரசரின் வாழ்வு அங்கு விளங்காது.