பனி பொழியும் பாடமும் மயிலத்து மழையும்

விழுப்புரத்தில் ஒருவர் கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கினால், பெயர், ஊர், குடும்பம் எல்லாம் சொல்லிப் பழகிய கையோடு வானிலைப் பாடம் வந்து நிற்கும். ‘ஆசே கலோர்’ என்றால் வெக்கையாக இருக்கிறது. ‘ஆசே ஃப்ரியோ’, குளிர்கிறது. ‘யுவேவே’, மழை பெய்கிறது. ‘நியேவா’, பனி பொழிகிறது. திண்டிவனத்தில் இந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன வேலை?

இருந்தாலும் இந்தப் பாடத்தை இவ்வளவு முன்னால் வைத்ததில் நியாயம் உண்டு. நான், நீ, அவர்கள் என்று வினை மாறும் தொல்லை இதில் இல்லை; ஒரே வடிவம் போதும். தமிழில் ‘குளிருது’ என்பதற்கு எழுவாய் தேடுகிறோமா? ஸ்பானிஷும் தேடுவதில்லை. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்தான் இங்கே இடறுகிறார். ‘எனக்கு வெக்கையா இருக்கு’ என்பதை ஆங்கில அச்சில் வார்த்து ‘எஸ்தோய் கலியெந்தே’ என்று சொன்னால், கேட்பவர் காதில் அது காமப் பேச்சாக விழும். ‘தெங்கோ கலோர்’ என்பதே சரி.

குறை, பாடம் காட்டும் வானத்தில் இருக்கிறது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற நான்கும் ஸ்பெயினின் பருவங்கள். ஸ்பானிஷ் பேசுவோரில் பெரும்பான்மையினரோ லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் ‘இன்வியெர்னோ’ என்றால் பலருக்கும் மழைக்காலம்தான். பாடம் அதைக் குளிர்காலம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறது. நம் புழுக்கத்துக்கு ‘போச்சோர்னோ’, தூறலுக்கு ‘யோவீஸ்னா’, கொட்டும் மழைக்கு ‘அகுவாசேரோ’ என்று அருமையான சொற்கள் இருந்தும், தொடக்கப் பாடங்களில் அவற்றைக் காண்பது அரிது. தமிழ் நாளிதழ் படிக்கும் விவசாயிக்கே தெரிந்த ஸ்பானிஷ் சொல்லான எல் நினோவுக்கும் பெரும்பாலும் அங்கே இடமில்லை.

இந்தக் குறை ஆபத்து நேரத்தில்தான் உறைக்கும். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில் பெருமழை கொட்டியது. 220க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியே பயணம் செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கை கைபேசிகளுக்கு வந்தபோது இரவு 8.11, அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. பிறகு சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி, அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது.

வலென்சியா மக்களின் வாயில் அந்த நாள்களில் புழங்கியவை ‘தானா’, ‘இனுந்தாசியோன்’, ‘அவிசோ ரோஹோ’ போன்ற சொற்கள்: மழைச்சுழல், வெள்ளம், சிவப்பு எச்சரிக்கை. ‘ஆசே சோல்’ என்று வெயிலைப் பற்றி அளவளாவப் பழகியவருக்கு வலென்சியாவின் அந்த எச்சரிக்கை புரிந்திருக்காது. பாடம் நிகழ்காலத்தைத் தாண்டுவதில்லை. எச்சரிக்கையோ ஏவலிலும் எதிர்காலத்திலும் வருகிறது. ‘பா அ யோவேர்’, மழை பெய்யப்போகிறது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லிக்கொடுப்பதில் என்ன கடினம்?

முன்பின் தெரியாதவரோடு பேச்சைத் தொடங்க இப்பாடம் போதும். வானொலி அறிவிப்பைப் புரிந்துகொள்ளப் போதாது. தமிழ் வழியாக ஸ்பானிஷ் பாடம் எழுத முன்வருவோர் பனியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, புழுக்கம், புயல், வெள்ளம் மூன்றையும் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.