பட்டமளிப்பு மண்டபமும் லயக் காம்பிராவும்

கட்டடக்கலை பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் பாணிகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. எந்தத் தூண் எந்நாட்டு மரபினது, எந்தக் குவிமாடம் எவரிடமிருந்து பெறப்பட்டது என்பவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. எச்சமூக உறவுகளின் நடுவே, எத்தேவை கருதி ஒரு கட்டடம் எழுந்தது என்னும் வினா எழுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை இவ்வினாவோடு அணுகுவதே எமது நோக்கமாகும். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நின்று நோக்கும்பொழுது, சென்னைவாசிகள் கண்டிராத ஒரு முகத்தை அது எமக்குக் காட்டுகின்றது.

பல்கலைக்கழகச் சடங்கு மண்டபம் என்னும் வகையின் உச்ச வடிவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பரோக் கலையிற் காணலாம். இன்று போலந்தில் உள்ள விரொட்ஸ்வாவ் நகரின் லியோபோல்டினா மண்டபம் இதற்குத் தக்க சான்று. யேசு சபையினரின் கல்விக்கூடமாக 1702 இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு உரியது அது. ஹண்ட்கேயின் கூரை ஓவியம் தெய்வீக ஞானத்தை வானளாவ உயர்த்துகின்றது. கீழே, மேடையில், அரியணையில் வீற்றிருப்பவனோ பேரரசன் முதலாம் லியோபோல்ட். அவன் காலடியிற் பிணக்கும் மடமையும் மனித உருவிற் கிடக்கின்றன. ஞானம் வானத்தில், அதிகாரம் மேடையில், மாணவன் தரையில் என்னும் படிநிலையைப் பரோக் கலை ஒளிக்கவில்லை. பொன் பூசிக் காட்டிற்று.

செனட் இல்லத்தின் உத்தி இதனின்றும் வேறானது. றொபேட் சிசோமின் திட்டப்படி 1874 இல் தொடங்கி 1879 இல் நிறைவுற்ற இக்கட்டடத்தில் பைசாந்தியக் கூறுகளும் இந்திய-சரசெனிக் கூறுகளும் கலந்துள்ளன. அருகே நிற்பது ஆற்காட்டு நவாபுகளின் சேப்பாக்கம் அரண்மனை. 1855 இல் நவாப் வாரிசின்றி இறந்ததும் கும்பினி ஆட்சி அப்பதவியையே ஒழித்தது. அரசுரிமையைப் பறித்தோர் அவ்வரசின் அணிகலன்களைத் தாமே பூண்டுகொண்டனர். அயலாட்சியை மண்ணின் இயல்பான தொடர்ச்சி போலத் தோற்றுவித்தலே இக்கலவைப் பாணி ஆற்றிய கருத்தியற் பணி எனலாம்.

அம்மண்டபம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளும் மனங்கொளத்தக்கன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதும் என 1877 இல் றிச்சட் ரெம்பிள் வகுத்தார். சேப்பாக்கத்தை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தார் வெட்டியதே. கால்வாய்க்கும் போகாதோர் பலர் கங்காணியின் முற்பணத்தை ஏற்றுக் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர்.

அவர்களுக்கெனவும் ஒரு கட்டடக்கலை இருந்தது. அதுவே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, அடுத்த குடும்பத்தோடு பகிரும் சுவர். துரை பங்களாவும் மேட்டில், பெரட்டுக் களம் இடையில், லயம் பள்ளத்தில் என்னும் அமைப்பும் ஒரு படிநிலையே. நுவரெலியாவில் துரைமாரின் ஹில் கிளப் தொடங்கியதும் அதே 1876 இல்தான்.

செனட் இல்லச் செலவே பஞ்சத்தை விளைவித்தது என நாம் வாதிடவில்லை. அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். அதன் அழகையும் நாம் மறுக்கவில்லை. செங்கல்லிலும் வண்ணக் கண்ணாடியிலும் வெளிப்படுவது உழைப்பாளர் கைத்திறனே. எமது வாதம் ஒன்றே: மண்டபமும் லயமும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு கட்டடங்கள். ஒன்றை விடுத்து மற்றதனை விளங்கிக்கொள்ள இயலாது.

கட்டடத்தின் பொருள் என்றைக்கும் மாறாததுமன்று. 1937 இல் சென்னைச் சட்டசபை செனட் இல்லத்திலேயே கூடிற்று. பேரரசின் சடங்குக் கூடத்தில் வாக்காளரின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். 1947 இல் மலையக மக்களும் எழுவரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவருள் ஒருவர், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. ஆயின் 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும் அம்மண்டபக் கதவைப் பெரும்பாலோர்க்கு அடைத்தன. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

பல்கலைக்கழகத்தின் 150 ஆம் ஆண்டினை ஒட்டிச் செனட் இல்லம் புதுப்பிக்கப்பெற்றது. அது வரவேற்கத்தக்கதே. லயங்களோ பேணப்பட வேண்டியவையல்ல. மனிதர் வாழத்தக்க வீடுகளுக்கு அவை இடம்விட்டே ஆகவேண்டும். எனினும் தோட்ட மக்களிற் பெரும்பகுதியினர் இன்றும் அவற்றிலேயே வாழ்கின்றனர். கடைசி லயம் இடிபடுமுன் அதன் அளவும் அமைப்பும், அதனுள் வாழ்ந்தோர் வாய்மொழியும் பதிவுபெறல் வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெறும் தலைமுறைக்கு இப்பணி உரியது. பட்டமளிப்பு மண்டபத்தில் நடந்து செல்லும் அவர்கள், அம்மண்டபத்தின் வரலாற்றிலே தம் முன்னோர்க்கும் ஒரு பங்குண்டு என்பதை நிறுவுதல் வேண்டும்.